அடங்காப்பிடாரி அடங்கிய கதை

தான் பழக்கிவிட்ட பிள்ளை தேறிவிட்டால் யாருக்கும் சந்தோஷம்தான். செல் அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் பழக்கியது புற்றுநோய் செல்களை என்பதுதான் கொஞ்சம் இடிக்கும்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் சேர்ந்தது கண்ணாடிக் குடுவை கழுவ. கழுவிக்கொண்டிருந்தவளைப் பத்தாவது வருடம் செல் அறைக்குள் இழுத்துப் போட்டார்கள். படித்தவர்கள் தொட்ட குடுவைகளில் எல்லாம் பூஞ்சை பூத்தது. இவள் தொட்டவை தெளிவாக இருந்தன. அறிவியலில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை என்று மேடைதோறும் முழங்கும் பேராசிரியர், முக்கியமான குடுவை என்றால் மட்டும், “அக்கா, நீங்களே தொட்டுடுங்க, உங்க கைராசி” என்பார். ஐம்பத்தெட்டு வயதுப் பேராசிரியருக்கும் அவள் அக்காதான். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது.

வேலை இதுதான். குடுவையின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும். வாரத்தில் இரண்டு நாள் பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டுப் புதிய ஊட்டநீர் விட வேண்டும். அதில் புற்றுநோய் மருந்து ஒரு சொட்டுக் கலந்திருக்கும். பாதிக்கு மேல் செத்துப்போகும். சாகாமல் மிஞ்சியதை வளர்த்து, அடுத்த மாதம் ஒன்றரைச் சொட்டு. அதிலும் மிஞ்சியதற்கு இரண்டு. இப்படிப் பதினான்கு மாதம் ஊட்டி, எந்த மருந்து அந்த நோயைக் கொல்லும் என்று புத்தகம் சொல்கிறதோ, அதே மருந்தில் குளித்துக் கும்மாளமிடும் ஒரு கூட்டத்தை அவள் உண்டாக்கியிருந்தாள். மருந்து உள்ளே வர வர, வாசலில் ஆள் நிறுத்திக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் கூட்டம். ஏட்டில் அதற்குப் பதினோரு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர். அறையில் அதன் பெயர் அடங்காப்பிடாரி. மருந்தே காட்டாமல் வளர்த்த அதன் உடன்பிறப்பு பக்கத்துத் தட்டில் இருந்தது. அதன் பெயர் அப்பாவி.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்றால், அடங்காததை அடக்கும் மருந்தைத் தேட, அடங்காத ஒன்று கையில் இருக்க வேண்டும். புதிதாக ஒரு மருந்து செய்து முடிப்பதற்குள் பேராசிரியரே ஓய்வு பெற்றுவிடுவார். அதனால் கடை அலமாரியில் ஏற்கெனவே இருப்பதைத் தட்டிப் பார்ப்பது என்று முடிவு. ரத்த அழுத்த மாத்திரை, அரிப்பு மாத்திரை, வயிற்றுப் பூச்சி மாத்திரை என்று நாற்பத்திரண்டு சாமான்கள். இவற்றில் ஏதாவது ஒன்று பழைய புற்றுநோய் மருந்தோடு கூட்டுச் சேர்ந்து அந்த வாசல்காரன் காதைத் திருகாதா என்பதுதான் ஆராய்ச்சி.

அவள் கணவரும் பழக்குகிறவர்தான். கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் முப்பத்தோரு வருடம். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்த வண்டியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, பேருந்திலும், பிறர் காரிலும், ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியிலும்கூட இல்லாத பிரேக்கை அழுத்துவார். ஊரே அவரை பிரேக் மாஸ்டர் என்றது. தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு வண்டி பழக்கியவர், மனைவியிடம் மட்டும் தோற்றார். “செல்லுக்கு எல்லாம் பொறுமையா சொல்லித் தரே, கிளட்சை மட்டும் எட்டி உதைக்கிறே” என்பார்.

அவர் நுரையீரலில் அது வந்தபோது, ஏற்றப்பட்ட மருந்தின் பெயரைச் சீட்டில் இரண்டு முறை படித்தாள். அடங்காப்பிடாரிக்கு அவள் ஊட்டிய அதே மருந்து.

நாத்தனாரிடம் அதைச் சொன்னது அவள் செய்த முதல் தப்பு. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று பெட்டியோடு வந்து இறங்கியிருந்த நாத்தனார், சமையலறையில் கத்தரிக்காயை நறுக்கியபடியே ஒரு போடு போட்டாள். “ஊரான் வீட்டுப் புத்துநோயை இத்தனை வருஷம் ஊட்டி ஊட்டி வளர்த்தே இல்ல? ஊட்டுற வீடு எதுன்னு அதுக்குத் தெரியாதா? தேடி வந்துடுச்சு.”

“அண்ணி, அது அப்படியெல்லாம் வராது.”

“ஆமாமா, நான் படிக்காதவ.”

“நானும்தான்” என்றாள் அக்கா.

மருந்து ஆறு மாதம் நன்றாகத்தான் வேலை செய்தது. பிரேக் மாஸ்டர் இரண்டு கிலோ ஏறினார், மாடிப்படி ஏறினார், அக்காவின் மேலும் ஒருநாள் எரிந்து விழுந்தார். வீடு நிம்மதியானது.

அந்த வியாழக்கிழமை காலை அவர் நாத்தனாரின் துணையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இவள் ஊட்டநீர் தயார் செய்து கொண்டிருந்தாள். ஒரு பெரிய புட்டி ஒரு மாதத்துக்கு வரும். புட்டிக்கு ஒரு குப்பி மருந்து. ஃப்ரீசரில் இருந்து சுண்டுவிரல் நீளக் குப்பியை எடுத்து, உருக்கி, புட்டியில் விட்டு, மூடியின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சிவப்புப் புள்ளி இருந்தால் மருந்து கலந்தாயிற்று. இல்லையென்றால் வெறும் ஊட்டநீர், அப்பாவிக்கு உரியது. அந்தப் புள்ளி முறையைக் கொண்டு வந்ததே அவள்தான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே, “முதல்ல மருந்து, அப்புறம் புள்ளி.” அன்று இரண்டு மாதத்துக்கு இரண்டு புட்டி. பேனா கையில் இருந்தது. எதை நினைத்துக்கொண்டிருந்தாளோ, இரண்டு மூடியிலும் புள்ளி வைத்துவிட்டு, குப்பியை எடுக்க ஃப்ரீசர் பக்கம் திரும்பினாள். போன் அடித்தது.

“என்னங்க, பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு. டாக்டர் ரொம்ப நல்லா சொல்றாரு.” அவர் குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. “மருந்துக்குப் பழகிடுச்சாம்.”

பழகிடுச்சு. பதினான்கு மாதமாக ஏட்டில் அவள் எழுதிக்கொண்டிருந்த சொல். அன்று வரை அது நல்ல செய்தி.

அவள் கையுறையைக் கழற்றி, புட்டிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உடம்பு கொஞ்சம் தேறட்டும், இரண்டு மாதத்தில் வேறு மருந்து ஏற்றலாம், அது கடுமையானது, நூறு பேரில் முப்பது பேருக்குக் கேட்கும் என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் அக்கா சிவப்புப் புள்ளி வைத்த புட்டியில் இருந்து அடங்காப்பிடாரிக்கு ஊட்டினாள். தவறாமல், திங்களும் வியாழனும். உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாத இரண்டு மாதத்தில் அவள் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது.

இரண்டாவது புட்டி முடியப்போகும் நேரத்தில் ஒரு காலை, அவசரம் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவசரம் என்பது ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த பெண். உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

“அக்கா! செத்துடுச்சு அக்கா! மொத்தமா!”

“யாரு?”

“அடங்காப்பிடாரி! பழைய மருந்தும் பூச்சி மாத்திரையும் சேர்த்துப் போட்டேன். ஒண்ணுகூட மிச்சமில்ல!”

நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தாள் அக்கா. நேற்று வரை நீட்டி நிமிர்ந்து தரையில் ஒட்டிக் கிடந்தவை, உருண்டு கழன்று சோற்றுப் பருக்கை மாதிரி மிதந்தன.

“பழைய மருந்தை மட்டும் தனியாப் போட்டும் பார்த்தியா?”

“அதான் போன வருஷமே பார்த்தாச்சே அக்கா. அதுக்கு அது அசையாதுன்னு படமே இருக்கு. மறுபடி எதுக்கு ஒரு மூணு நாளு?”

பேராசிரியரும் அதையேதான் சொன்னார். மாநாட்டுக்குப் பதினேழு நாள்தான் இருந்தது. போஸ்டரில் பழைய படம் இடப்பக்கம், புதுப் படம் வலப்பக்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று மாலை அவள் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. பேருந்தில் வரும்போது ‘சொல்லக் கூடாது’ என்று தனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டுதான் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

மறுநாளே பிரேக் மாஸ்டர் பூச்சி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு நடந்தார். கடைக்காரர், “நாய் வளர்க்கிறீங்களா மாஸ்டர்?” என்று கேட்டாராம். “இல்ல, நண்டு வளர்க்கிறேன்” என்றாராம், கேன்சர் என்ற சொல்லுக்கு நண்டு என்று பொருள் என எங்கோ படித்திருந்த இவர். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. “என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சது. குடுவை கழுவப் போனவ! நீ பத்து வருஷமா என்ன கழுவினே?” என்று பயிற்சிப் பள்ளி ஆட்களைப் போனில் வம்புக்கிழுத்தார். “உலகத்துலயே வயித்துல பூச்சி இல்லாத கேன்சர்காரன் நான் ஒருத்தன்தான்டா.” நாத்தனார்கூட அக்காவின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். அந்தக் குடும்பத்தில் மன்னிப்பு கரண்டியில்தான் வரும்.

ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மாஸ்டர் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார். “புது மருந்து வேணாம் சார். பழசையே ஏத்துங்க. கூட நான் பூச்சி மாத்திரை போட்டுக்கறேன்.”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். “குடுவையில நடந்ததை வெச்சு நான் மனுஷனுக்கு ஏத்த முடியாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?”

“அப்ப முறைப்படி வர்ற வரைக்கும் காத்திருக்கேன்” என்றார் மாஸ்டர்.

“அந்த மருந்து காத்திருக்கும். உங்க உடம்பு காத்திருக்காது. புதுசை ஏத்தணும்னா இப்பவே ஏத்தணும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து முடிவைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சொன்னா என்னால ஆகாது.”

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “முப்பது பேருக்குக் கேக்குமாம். நீ காட்டுனதுல நூத்துக்கு நூறு செத்துச்சு. எனக்குக் கணக்கு தெரியாதா?”

திங்கட்கிழமை காலை அடங்காப்பிடாரிக்கு மூன்றாவது புட்டி தயாரிக்க வேண்டிய நாள். அக்கா ஃப்ரீசர் டப்பாவைத் திறந்தாள். குப்பிகளுக்கு அவளே எண் போட்டிருந்தாள். ஏழும் எட்டும் இரண்டு மாதத்துக்கு முன்பே காலியாகியிருக்க வேண்டும். ஒன்பதுதான் கைக்கு வர வேண்டும்.

ஏழும் எட்டும் இருந்தன. மேலே வெள்ளையாகப் பனி பூத்து, நிறைய.

டப்பாவை மூடினாள். மறுபடி திறந்தாள். அவை அப்போதும் இருந்தன.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு முழுதாகத் திரும்பி வந்தது. பேனா, புள்ளி, புள்ளி, போன். இரண்டு மாதமாக அவள் ஊட்டியது வெறும் ஊட்டநீர். மருந்தே வராத வாசலில் எதற்கு ஆள் என்று அடங்காப்பிடாரி காவலை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பெயர்தான் அடங்காப்பிடாரி. உள்ளே இருந்தது இன்னொரு அப்பாவி. எதைப் போட்டாலும் செத்திருக்கும்.

யாரிடமும் பேசாமல், அதே குடுவையில் இருந்து கொஞ்சம் செல்லை ஒரு தட்டில் விட்டு, பழைய மருந்தை மட்டும் கலந்தாள். பூச்சி மாத்திரை ஒரு துளி சேர்க்கவில்லை. எதற்கு என்று அவசரம் ஒதுக்கித் தள்ளிய அதே மூன்று நாள் சோதனை. அந்த மூன்று நாளும், தன் கை தொட்ட செல் சாகக் கூடாது என்று முன்னெப்போதையும்விட அதிகமாக அவள் வேண்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எல்லாம் மிதந்தன.

பேராசிரியர் அறையில் அவள் நின்றபடியே சொன்னாள். அவசரம் முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். “போஸ்டர் அச்சுக்குப் போயிடுச்சு அக்கா” என்றாள். அப்புறம் அழுதாள். போஸ்டருக்கா, நான்கு வருடத்துக்கா, மூன்று நாளுக்கா என்று தெரியவில்லை.

பேராசிரியர் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. “எத்தனை நாள் மருந்து இல்லாம இருந்துச்சு?”

“ரெண்டு மாசம் சார். துல்லியமா ஏட்டுல இருக்கு.”

“ரெண்டு மாசம்.” அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. “மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சா அடங்காததும் அடங்குது. இதுவே ஒரு தலைப்புதானே!”

அவள் மறதி அந்த அறையை விட்டு வெளியேறும் முன்பே ஆய்வுத் திட்டமாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, போஸ்டரை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார். வசவு ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“சார், அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு மாசமா மருந்து நிறுத்தித்தானே இருக்கு...”

பேராசிரியரின் வெளிச்சம் அணைந்தது. “குடுவையில ஒரே கூட்டம் அக்கா. உடம்புக்குள்ள எத்தனை கூட்டமோ. அதை நம்பி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாளைக்கு அவரைக் கூட்டிட்டுப் போங்க.”

பயிற்சிப் பள்ளியின் பழைய கார் வீட்டு வாசலில்தான் நின்றது. ஓட்டத்தில் இருந்து எடுத்த பிறகு அவருக்கே கொடுத்துவிட்டார்கள். மாலையில் அதன் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம். வீட்டுக்குள் நாத்தனார் இருந்ததால் அக்காவும் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“என்ன, இன்னைக்காவது கத்துக்கப் போறியா?”

அவள் சொன்னாள். ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, குப்பி எண் உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள். போனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. “ஏதோ ஞாபகத்துல விட்டுட்டேன்” என்றாள்.

அவர் கால் தன் பிரேக்கின் மேல் இருந்தது. நின்ற வண்டியில் அதை அழுத்திக்கொண்டேயிருந்தார்.

“புள்ளியை முதல்ல வெச்சுட்டே.”

“ம்.”

“கையைக் காட்டிட்டுத் திரும்பாமப் போறது. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். பின்னாடி வர்றவன் அதை நம்பி வந்து சொருகுவான். நான் ரொம்ப வேகமா வந்துட்டேன் இல்ல?”

அவள் ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

“எந்த நாளு அது?”

“எதுக்கு இப்ப?”

“சொல்லேன்.”

“ஒரு வியாழக்கிழமை.”

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருந்தது.

“காலையில பத்து மணி இருக்குமா?”

“விடுங்களேன்.”

“அந்த போனு நான் பண்ணதுதானே?” என்றார். “வேலை நேரத்துல போன் பண்ணாதீங்கன்னு நீ எத்தனை தடவை சொல்லியிருக்கே.”

அப்போதுதான் அவள் அழுதாள். அவர் தட்டிக்கொடுக்கவில்லை. கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?”

“ஒன்பதரை.”

“எங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா கத்தரிக்காயோட விரலையும் நறுக்கிடுவா. பூச்சி மாத்திரை இன்னும் எட்டு இருக்கு. கடைக்காரன் திரும்ப எடுத்துக்குவானான்னு கேக்கணும். எடுக்க மாட்டான். நண்டு வளர்க்கிறேன்னு வேற சொல்லி வெச்சிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை புது மருந்து ஏறியது. செவிலியர் பையை மாட்டி ஊசியைச் சேர்க்கும்போது அக்கா எழுந்து பக்கத்தில் போனாள்.

“சிஸ்டர், இதுல மருந்து கலந்தாச்சா?”

“லேபிள் ஒட்டியிருக்கில்லம்மா?”

“லேபிள் இருக்கு. மருந்து இருக்கான்னு கேக்கறேன்.”

செவிலியருக்குச் சுருக்கென்றது. படுக்கையில் இருந்து மாஸ்டர் குறுக்கே புகுந்தார். “கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். அவங்க வேலையில ஒருதடவை கலக்காம விட்டுட்டாங்க.”

மூன்று சுற்றிலும் அவள் கேட்டாள். மூன்றாவது முறை, கேட்பதற்கு முன்பே செவிலியர் காலிக் குப்பியைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

மருந்து இருந்தது. மூன்று சுற்றிலும் இருந்தது. வாந்தியும், உதிர்ந்த புருவமும், விரல் நுனி மரத்துப்போனதும் அதற்குச் சாட்சி. ஆராய்ச்சிக்கூடத்தில், அந்த வியாழனுக்கு முன்பே நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்திருந்த உண்மையான அடங்காப்பிடாரியை எழுப்பி, பழைய மருந்தும் பூச்சி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. நாற்பத்திரண்டில் ஒன்றை அடித்துவிட்டு, அவசரம் அடுத்த மாத்திரைக்குப் போனாள். இப்போது ஒவ்வொன்றையும் தனியாகவும் போட்டுப் பார்க்கிறாள். அடங்கிப்போன குடுவைக்கு அக்கா மறுபடி ஒரு சொட்டில் இருந்து ஆரம்பித்தாள். முதல் முறை பதினான்கு மாதம் எடுத்துக்கொண்ட பாடத்தை இந்த முறை அது ஐந்தே வாரத்தில் முடித்துவிட்டது. எதையும் அது மறந்திருக்கவில்லை.

நான்காவது சுற்றுக்குப் போன அன்று பையை மாட்டவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். சொல்லத் தயங்கினார். மாஸ்டரே எடுத்துக்கொடுத்தார். “பழகிடுச்சா சார்?”

“ஆமா.”

“நல்ல மாணவன்” என்றார் மாஸ்டர்.

வாடகைக் காரில் வீடு திரும்பினார்கள். அவர் முன்னால், ஓட்டுநர் பக்கத்தில். அக்கா பின்னால். ஓட்டுநர் சின்ன வயது, வேகம். சந்திப்பில் சிவப்பு விழுந்ததைக் கவனிக்காமல் போய், முன்னால் நின்ற லாரியின் முதுகு கண்ணாடி முழுக்க வந்த பிறகு அலறிப் பிடித்து பிரேக் போட்டான்.

அக்கா இருக்கைகளுக்கு நடுவே எட்டி அவர் காலைப் பார்த்தாள். செருப்புக்குள் அது வைத்த இடத்திலேயே இருந்தது. அழுத்தவில்லை. அசையக்கூட இல்லை.

கீழே குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அழுத்திக்கொண்டிருந்தது அவள் கால்.